நூறா, ஐந்நூறா? சொந்தக் காசில் நாவல் போடுமுன் ஒரு கணக்கு

நாவலை எழுதி முடித்தவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இதை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்கள்? குத்துமதிப்பாக இல்லை, பெயர் பெயராக. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிய வேலை இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது எந்த ஊர், எந்த வீடு, யாருக்குத் தபால், யாருக்கு நேரில் என்று நோட்டில் எழுதிப் பார்த்துத்தானே எண்ணிக்கை சொல்கிறோம்? நாவலுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் 80 பெயர் தேறுகிறதா, 400 தேறுகிறதா என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

ஒரு நாவலை வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். தேவகோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் (கடல்கடந்து தொழில் செய்யப்) போன கதையை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 60,000 சொல். டெமி என்ற வழக்கமான நாவல் அளவில், 11 பாயிண்ட் எழுத்தில் சுமார் 270 பக்கம் வரும். அச்சகத்தார் பக்கத்தை எண்ண மாட்டார்கள், பாரத்தை எண்ணுவார்கள். ஒரு பாரம் 16 பக்கம். 17 பாரம் என்றால் 272 பக்கம். நாவல் 275 பக்கத்துக்கு ஓடினால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரமோ அரைப் பாரமோ சேர்க்க வேண்டும். அதனால் லேஅவுட் செய்பவரிடம் முதலிலேயே "பாரக் கணக்குக்கு முடித்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது.

இப்போது அச்சு. ஆஃப்செட் அச்சில் பக்கங்களைப் பதித்த உலோகத் தகடு, அதாவது பிளேட் போட வேண்டும், மிஷினை ஏற்றி இறக்கி நிறம் சரிபார்க்க வேண்டும். 100 பிரதி என்றாலும் 1,000 பிரதி என்றாலும் இந்தச் செலவு மாறாது. அதனால்தான் எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் அடக்க விலை சரசரவென்று இறங்குகிறது. டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. பத்துப் பிரதி போட்டாலும் நூறு போட்டாலும் ஒன்றின் விலை ஏறக்குறைய அதேதான். பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்பது இதே டிஜிட்டல் அச்சுதான், ஆர்டர் வந்த பிறகு அடித்து அனுப்புகிறார்கள்.

அச்சகத்தில் விலை கேட்கப் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் திரும்பும்: "அண்ணே, நூறு போடுற காசுல பாதிக்கு மேல பிளேட்டுக்கே போயிரும். ஐந்நூறு போட்டா ஒண்ணுக்கு எவ்வளவு குறையுது பாருங்க." அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது அச்சகத்தின் கணக்கு. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, டிஜிட்டலில் ஒரு பிரதி 150 ரூபாய், ஆஃப்செட்டில் 500 போட்டால் ஒன்று 95 ரூபாய், புத்தகத்தின் விலை 320 என்று வைத்துக்கொள்வோம். (இவை நான் கணக்குக்காகப் போட்ட எண்கள். உங்களுக்குச் சொன்ன விலையை அங்கே வைத்துப் பாருங்கள்.) டிஜிட்டலில் 100 பிரதிக்கு 15,000 ரூபாய் இறங்கும். ஆஃப்செட்டில் 500 பிரதிக்கு 47,500. இரண்டிலும் நீங்களே நேரடியாக 90 பிரதி விற்றால் கைக்கு வருவது 28,800. முதல் வழியில் 13,800 மிஞ்சுகிறது, பத்துப் புத்தகம் கையில் இருக்கிறது. இரண்டாவதில் 18,700 நஷ்டம், 410 புத்தகம் வீட்டில்.

ஆஃப்செட்டில் போட்ட காசு திரும்ப 149 பிரதி நேரடியாக விற்க வேண்டும். கடை வழியாக 40 சதவீதக் கழிவில் போனால் 248 பிரதி. நோட்டில் 400 பெயர் உறுதியாக இருந்தால் ஆஃப்செட்டுக்குத் தாராளமாகப் போகலாம், லாபமும் அங்கேதான். 80 பெயர் இருப்பவர் 500 போடுவதை நான் எப்போதும் தடுப்பேன்.

இதில் நம் பக்கத்துக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. சென்னையில் இரண்டு அறை வீட்டில் இருப்பவர், மீந்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று பயந்தே குறைவாக அச்சிடுவார். நமக்கு அந்தப் பயமே கிடையாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீடு தெருவிலிருந்து தெருவுக்கு ஓடுகிறது, இடத்துக்கா பஞ்சம் என்று தோன்றிவிடும். ஆனால் அந்த 410 பிரதி 120 கிலோவுக்கு மேல் எடை. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மூலை அறையில், தரையோடு தரையாக அட்டைப்பெட்டியில் வைத்தால் கரையானுக்கு விருந்து. வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் சுவரை ஒட்டாமல், மரப்பலகையில் ஏற்றி, மழைக்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அப்படியானால் பதிப்பகமே மேல் இல்லையா? பல நேரம் ஆமாம். பதிப்புத் தொழில் நம் பக்கத்துக்கு அந்நியமானதும் இல்லை. ராயவரத்து வை. கோவிந்தன் சக்தி காரியாலயம் நடத்திப் பாரதியையும் திருக்குறளையும் மலிவு விலையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். மணிமேகலைப் பிரசுரத்தின் தமிழ்வாணனும் வானதி பதிப்பகத்தின் திருநாவுக்கரசும் தேவகோட்டைக்காரர்கள். ஆனால் எல்லோரும் கடையைப் போட்டது சென்னையில். காரணம் விநியோகம். ஒரு பதிப்பகம் உங்களுக்குத் தருவதில் பெரியது அச்சு இல்லை, அதை நீங்களே செய்துவிடலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு மேஜை, ஊர் ஊராகக் கடைகளில் ஓர் இடம், விமர்சகர் கைக்குப் போகும் ஒரு பிரதி, இவைதான் பெரியவை. கூடவே நல்ல பதிப்பாசிரியர் வாய்த்தால் நாவலே ஒரு படி மேலே போகும்.

பதிலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 10 சதவீத ராயல்டி. 320 ரூபாய் புத்தகத்தில் 32 ரூபாய். 300 பிரதி விற்றால் 9,600. முன்பு 1,200 பிரதி என்பது தமிழில் சாதாரண முதல் பதிப்பு. இப்போது பதிப்பகங்களே முந்நூறு, இருநூறு என்று டிஜிட்டலில் போட்டுப் பார்க்கின்றன. காசுக்காக அந்த வழியில் போக வேண்டாம், வாசகருக்காகப் போகலாம். உங்கள் நாவல் உறவு, நட்பு வட்டத்தைத் தாண்டி நிற்கும் என்று உங்களுக்கு வேண்டாதவர் ஒருவராவது சொல்லியிருந்தால், உங்களுக்குப் பிடித்த நாவல்களை வெளியிட்ட இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதமாவது காத்திருங்கள்.

ஏற்றுக்கொண்டால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். 'நம்ம ஆளுதானே' என்ற வாய்வார்த்தை போதாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுத்தில், கையெழுத்துடன்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு வரக்கூடிய சொத்து இது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு வகை உண்டு. பதிப்பகம் என்ற பெயரில் உங்களிடமே காசு வாங்குவார்கள். 'பேக்கேஜ்' என்பார்கள். வெள்ளி, தங்கம், வைரம் என்று நகைக்கடை மாதிரி தட்டுகள் வேறு. இவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வேலைக்குப் போகும் ஒருவருக்கு அலைச்சல் மிச்சம். ஆனாலும் என் ஓட்டு இதற்கு இல்லை. நூலாசிரியருக்கே இலவசமாகக் கிடைக்கும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை ஒரு வசதியாகக் காட்டிக் கட்டணத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. 'உலகெங்கும் விற்பனை' என்றால் ஓர் இணையக் கடையில் பக்கம் திறந்து வைப்பது மட்டும்தான் என்பதும் உண்டு. அப்படியே போவதென்றாலும், லேஅவுட் ஃபைலும் அச்சுக்குத் தயாரான பிடிஎஃப்பும் கடைசியில் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் நான்காவது வழி, செலவே இல்லாதது. 2016 முதல் தமிழ் மின்னூல்கள் அங்கே முறையாக ஏறுகின்றன. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், 90 நாள் வேறு எந்த இணையதளத்திலும் அந்த மின்னூலைத் தரக் கூடாது. அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது, இரண்டையும் ஒரே நேரத்தில் கொண்டுவரலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் உறவுக்காரர்களுக்கு முந்நூறு கிராம் புத்தகத்தைத் தபாலில் அனுப்பும் செலவை நினைத்தால் இதைவிட நல்ல வழி இல்லை. அவர்களை அச்சு நோட்டிலிருந்து அடித்துவிட்டு கிண்டில் நோட்டில் எழுதுங்கள்.

சரி, செலவில்லாமல் கிண்டில் இருக்கும்போது அச்சு எதற்கு? இதைப் பேசும்போது கோட்டையூரை விட்டுவிட்டுப் பேச முடியாது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அங்கே விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார், பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடி வாங்கி வீட்டை நிறைத்தார். பெரிய பேராசிரியர்கள் எழுதியவை மட்டும் இல்லை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததும் உண்டு. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக ஆனது. அந்த அலமாரிகளில் உள்ள சின்னச் சின்ன நூல்களை அச்சிட்டவர்களுக்குத் தங்கள் பிரதி எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்திருக்காது. விற்பனை எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் அவை பிழைக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில், பழைய பேப்பர் கடையில், ஒரே ஒரு பிரதி மிஞ்சியதால் பிழைத்தன. அப்படி மிஞ்ச வேண்டுமென்றால் பிரதி பல வீடுகளுக்குப் பிரிந்து போயிருக்க வேண்டும். ஒரே வீட்டில் பெட்டியில் கிடக்கும் ஐந்நூறைவிட நூறு வீட்டில் ஒவ்வொன்றாக இருக்கும் நூறு நீண்ட நாள் வாழும் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

வாசிக்கிற சுகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாலையில் தலையணையைச் சாய்த்துப்போட்டு, கண்ணாடியின் மேல் சிமெண்ட் வார்த்துச் செய்த ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சியில் படுத்துக்கொண்டு படிப்பதற்கு போன் சரிப்பட்டு வராது. நடுவில் ஒரு அழைப்பு வரும், ஒரு வாட்ஸ்அப் வரும், நாவலில் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பிக்கொண்டிருந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். அச்சுப் புத்தகத்தை அப்பத்தா படித்து முடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார், அது மூன்று வீடு சுற்றி அட்டை மடங்கித் திரும்பும், சில நேரம் திரும்பாமலும் போகும். ஒரு பிரதிக்கு நான்கு வாசகர். எந்த ராயல்டிக் கணக்கிலும் வராத நான்கு பேர்.

ஆனால் இந்தச் சுகம் தானாக வராது. புத்தகம் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிரதியின் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் காசை இங்கேதான் போட வேண்டும் என்பேன்.

முதலில் பிழை திருத்தம். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. இரண்டு பேராவது படிக்க வேண்டும், ஒருவர் கதைக்காக, இன்னொருவர் ஒற்றுப்பிழைக்காக. நம் ஊர் வழக்குச் சொற்களைப் பட்டியலாக எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெளியூர்த் திருத்துநர் நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் பொதுத்தமிழாக்கிவிடுவார். அடுத்தது எழுத்துரு. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பல அச்சகங்களில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, அதனால் மாற்றி ஒன்றில் போட்டு எடுப்பார்கள். அந்த மாற்றத்தில் 'ஸ்ரீ' உடையும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும், கொம்பும் காலும் இடம் மாறும். நீங்கள் ஏற்கெனவே திருத்திய கோப்பு மறுபடியும் பிழையோடு வந்து நிற்கும். இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடிலேயே பக்கம் அமைக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள், ஊரில் கிடைக்காவிட்டால் மதுரையில், அங்கும் இல்லையென்றால் தொலைவில் இருந்தே செய்து கொடுப்பார்கள். அதே கோப்பு பிறகு மின்னூலுக்கும் உதவும்.

எழுத்தின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பாரம் குறைகிறது என்று 10 பாயிண்டுக்கு இறக்கினால், உங்கள் நோட்டில் இருக்கும் அறுபது வயதுக்காரர்கள் முதல் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிடுவார்கள். காகிதத்தின் கனம் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்), கண்ணைக் கூசாத மங்கல் நிறம். கட்டுதான் சிக்கல். ஆஃப்செட்டில் பாரம் பாரமாக மடித்து நூலால் தைத்துக் கட்ட முடியும், அது வருஷக்கணக்கில் நிற்கும். டிஜிட்டலில் பெரும்பாலும் ஒற்றைத் தாள்களை அடுக்கி முதுகில் பசை ஓட்டுவதுதான். பசை மட்டமாக இருந்தால் நம் ஊர்க் கோடைக்கே தாள் கழன்று வரும். அதனால் முழு ஆர்டர் கொடுக்குமுன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்கி, நடுப்பக்கத்தில் நன்றாக விரித்து, இரண்டு நாள் ஜன்னலோரம் போட்டுப் பாருங்கள். அட்டைக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் இல்லாத அட்டையோடு ஒரு செட்டிநாட்டு நாவல் வந்தால், அதற்காகவே நான் ஒரு பிரதி வாங்குவேன்.

ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம், கட்டணம் இல்லை. சில வாரம் ஆகலாம், அட்டை முடிவாகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கிண்டிலுக்கு அது தேவையில்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுபவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நான்கு பிரதிதானே, அனுப்பிவிடுங்கள். உங்கள் பேரன் தேடும்போது கிடைக்கும். பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் அது வரும் என்று நம்பி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

500 பிரதிக்கு ஒரே ஒரு நியாயமான விதிவிலக்கு நம் ஊரில் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் மாதிரி விசேஷங்களில் வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுக்கும் பழக்கம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் நாவல் போகும். அங்கே 400 பேர் வருவது உறுதி, செலவும் விசேஷக் கணக்கில் சேர்ந்துவிடும், தையல் கட்டோடு ஆஃப்செட்டில் போடலாம். இலவசமாக வாங்கியவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள் என்பது வேறு. நாற்பது பேர் படித்தாலும் போதும், மீதி 360 வீட்டில் அது இருக்கும்.

விசேஷம் ஏதும் இல்லாத தேவகோட்டை ஆசிரியருக்கு நான் சொல்வது இதுதான். பதிப்பகங்களுக்கு அனுப்பிக் காத்திருக்கும் ஆறு மாதத்தில் பிழை திருத்தத்தை முடியுங்கள். பதில் வராவிட்டால் டிஜிட்டலில் 100 பிரதி, கூடவே கிண்டில். காரைக்குடி, சிவகங்கைப் புத்தகத் திருவிழாவுக்கோ, பங்குனியில் கம்பன் விழாவுக்கோ ஒரு மாதம் முன்னால் கையில் இருக்கும்படி பாருங்கள். 1939இல் சா. கணேசன் தொடங்கிய அந்த விழாவுக்கு இன்றும் படிக்கிற கூட்டம் வருகிறது, உங்கள் நோட்டில் இல்லாத பெயர்கள் அங்கேதான் கிடைக்கும். நூறும் தீர்ந்து, கேட்பவர்கள் பெயர் இன்னொரு 200 சேர்ந்துவிட்டதா? அப்போது அதே அச்சகத்தாரிடம் போய் ஆஃப்செட் விலை கேளுங்கள். அதுவரை முதல் அச்சில் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைத்து, படித்தவர்கள் சொல்லும் பிழைகளையெல்லாம் அதிலேயே சிவப்புப் பேனாவில் குறித்துக்கொண்டு வாருங்கள்.